நம் மாவட்டச் சட்டமன்ற வரலாற்றுக் கண்காட்சி: ராஜாஜியையும் ஜெயலலிதாவையும் எப்படி எழுதுவது?

கேள்வி: வாசகர் வட்டப் பொறுப்பாளர், கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம், நவம்பர் 26 அரசமைப்புச் சட்ட நாளை ஒட்டி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சட்டமன்ற, நாடாளுமன்ற வரலாற்றைச் சொல்லும் கண்காட்சி ஒன்றை நடத்த முடிவு செய்திருக்கிறது. பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டார மேல்நிலைப் பள்ளி மாணவர்களாக இருப்பார்கள். 1921 ஜனவரியில் சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியதில் தொடங்கி இன்று வரையிலான செய்திகளைச் சில காட்சிப் பலகைகளில் அடக்க எண்ணியுள்ளோம்.

பெரும்பாலான பலகைகளில் கருத்து வேறுபாடு எழவில்லை. சேலத்திலிருந்து தருமபுரி 1965 அக்டோபர் 2-இலும், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-இலும் பிரிந்த விவரம், 1952, 1957 தேர்தல்களில் கிருஷ்ணகிரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற சி. ஆர். நரசிம்மன், 1991-இல் காவிரிச் சிக்கலை முன்வைத்து மத்திய அமைச்சர் பதவியைத் துறந்த வாழப்பாடி இராமமூர்த்தி ஆகியோரைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் எழுதி முடிக்கப்பட்டுவிட்டன. இரண்டு பலகைகள் மட்டும் நிற்கின்றன. ஒன்று, ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியைப் பற்றியது. மற்றொன்று, 1991 முதல் 1996 வரை பர்கூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே முதலமைச்சராகவும் இருந்த ஜெயலலிதாவைப் பற்றியது.

எங்கள் வட்டத்தின் மூத்த உறுப்பினர்கள் தயாரித்த முதல் வரைவில் பிறந்த நாள், வகித்த பதவிகள், பெற்ற விருதுகள், கொண்டுவந்த நல்ல திட்டங்கள் ஆகியவை மட்டுமே இருந்தன. ராஜாஜி பலகையில் 1952-இல் முதலமைச்சர் ஆனார் என்ற வரிக்கு அடுத்த வரி, 1954-இல் பாரத ரத்னா பெற்றார் என்பது. நடுவில் 1953 என்ற ஆண்டே இல்லை. இதைக் கண்ட இளைய உறுப்பினர்கள் சிலர், இப்படி எழுதுவதைவிட இருவரையும் விட்டுவிடலாம் என்றார்கள். வேறு சிலர், சாதனைகளை இந்தப் பலகைகளில் வைத்துக்கொண்டு, ‘சர்ச்சைகள்’ என்ற தலைப்பில் கடைசியாக ஒரு தனிப் பலகை வைக்கலாம் என்கிறார்கள்.

இருவரையும் விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. நம் மண்ணிலிருந்து சென்று மாநிலத்தையே ஆண்டவர்களை நம் மாவட்டக் கண்காட்சியில் காணோம் என்றால் அதற்குப் பொருளே இல்லை. ஆனால், பதினைந்து வயது மாணவர் ஒருவர் ஒரு பலகை முன்னால் இரண்டு நிமிடம் நின்று படித்துவிட்டு நகரும்போது, அந்த மனிதரைப் பற்றி அவர் எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவு தேவைப்படுகிறது. இவ்விஷயத்தில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், ஓசூர்

வணக்கம். தொரப்பள்ளி அக்கிரகாரத்தில் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாகப் பராமரித்து வருகிறது. பணியில் இருந்த காலத்தில் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒரு மனிதர் பிறந்த வீட்டில் அவருடைய பெருமையை மட்டும் பேசுவது இயல்பு. அங்கே போய் யாரும் விவாதம் நடத்துவதில்லை. நீங்கள் நடத்தப்போவது சட்டமன்ற வரலாற்றைப் பற்றிய கண்காட்சி. சட்டமன்றம் என்பதே ஆதரவும் எதிர்ப்பும் பேசி, எண்ணி, முடிவெடுக்கும் இடம். ஆகவே ராஜாஜியின் பலகையில் அவரை எதிர்த்தவர்களும் இருந்தே ஆக வேண்டும்.

முதலில் 1937 முதல் 1939 வரையிலான ஆட்சிக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பகுதிக்கு நேரடித் தொடர்புள்ள செய்தி ஒன்று உங்கள் வரைவில் இருக்கிறதா என்று தெரியவில்லை. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மாகாணத்திலேயே முதலாவதாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டத்தின் வட்டங்கள். அரசுக்கு வந்துகொண்டிருந்த மது வருவாய் நின்றதால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. குடியால் அழிந்துகொண்டிருந்த குடும்பங்கள் மூச்சுவிட்டதும், கள்ளிறக்கிப் பிழைத்தவர்கள் வேறு பிழைப்புத் தேட நேர்ந்ததும், கடைக்காரர்கள் விற்பனை வரிக்கு எதிராகக் குரல் எழுப்பியதும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை. பட்ஜெட் என்றால் என்னவென்று மாணவர்களுக்குச் சொல்வதற்கு இதைவிட நல்ல உள்ளூர் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

அதே ஆட்சிக் காலத்தில்தான் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. எதிர்த்து மறியல் செய்தவர்கள்மீது, காங்கிரஸ்காரர்களை ஒடுக்குவதற்காக ஆங்கிலேய அரசு பயன்படுத்திய அதே குற்றவியல் திருத்தச் சட்டத்தை ராஜாஜியின் அரசு பயன்படுத்தியது. நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைக் காவலில் இருந்தபோது உயிரிழந்தார்கள். அதே 1939-இல், கோயில் நுழைவை அனுமதித்த அதிகாரிகளையும் அறங்காவலர்களையும் வழக்குகளிலிருந்து காக்கும் சட்டத்தையும் அவருடைய அரசே கொண்டுவந்தது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தது அந்த ஆண்டு ஜூலை மாதத்தில். இவ்விரண்டையும் வேறு வேறு பலகையில் வைத்தால், இரண்டு வெவ்வேறு மனிதர்களைப் பற்றிப் படிப்பது போலத்தான் மாணவர்களுக்குத் தோன்றும். ஒரே ஆண்டு, ஒரே அமைச்சரவை, ஒரே முதலமைச்சர் என்பதை அவர்கள் அருகருகே பார்க்க வேண்டும்.

இனி, நீங்கள் இல்லை என்று குறிப்பிட்ட 1953. அதற்கு முன்னதாக 1952-ஐச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லாத நிலையில், தேர்தலில் போட்டியே இடாத ராஜாஜியை ஆளுநர் மேலவை உறுப்பினராக நியமித்தார். அதன் வழியாக அவர் முதலமைச்சர் ஆனார். இது முறையா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை சென்று, வழக்கு தள்ளுபடியானது. ஆளுநரின் அதிகாரம் பற்றி இன்றும் நாம் பேசிக்கொண்டிருக்கும் கேள்விகளின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று இது. முதலமைச்சர் ஆன சில வாரங்களிலேயே உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியது அவருக்கு மக்களிடம் நற்பெயரைத் தந்தது என்பதையும் சேர்க்க வேண்டும்.

1953-இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில், முறை வைத்து இரு மடங்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். குலத் தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிப்போடும் குலக்கல்வித் திட்டம் இது என்று பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் போராடினார்கள். காங்கிரசுக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். சட்டமன்றத்தைக் கலந்துகொள்ளாமல் திட்டம் அறிவிக்கப்பட்டது என்ற குறையும் இருந்தது. திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானம் பேரவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது இரு பக்கமும் சமமாக வாக்குகள் விழுந்தன. பிறகு திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு அனுப்பும் திருத்தம் மிகச் சிறிய வேறுபாட்டில் நிறைவேறியது. 1954-இல் அவர் விலகினார். காமராசர் முதலமைச்சர் ஆனதும் திட்டம் கைவிடப்பட்டது.

ஒரு முதலமைச்சரின் முடிவைச் சட்டமன்றம் தடுத்து நிறுத்திய இந்த நிகழ்ச்சி, நம் மாநில மக்களாட்சி வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம் என்பதே என் கருத்து. அதை ராஜாஜியின் மதிப்பைக் காப்பதற்காக நீக்கினால், சட்டமன்றத்தின் மதிப்பையும் சேர்த்து நீக்கியவர்கள் ஆவோம். பேரவையின் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் மின்னாக்கம் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. 1953 ஜூலை மாதக் குறிப்புகளிலிருந்து ஆதரித்துப் பேசியவர் ஒருவரின் பத்தியும் எதிர்த்துப் பேசியவர் ஒருவரின் பத்தியும் எடுத்து, அச்சடித்த பக்கத்தையே பெரிதாக்கி ஒட்டுங்கள். சமூக ஊடகங்களில் மூடப்பட்ட பள்ளிகளின் எண்ணிக்கை என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். அவை எதையும் மூலத்தைப் பார்க்காமல் பலகையில் ஏற்ற வேண்டாம்.

பதில் 2: ஆசிரியை, அரூர்

ஐயாவின் பதிலைப் படித்தேன். ராஜாஜியைப் பற்றிச் சொன்ன அனைத்தும் எனக்கு ஏற்புடையதே. ஆனால் இரண்டாவது பலகைக்கு அந்த முறை மட்டும் போதாது. 1953-இல் எதிர்ப்புக் குரல் பேரவைக்குள்ளேயே ஒலித்தது, வாக்கெடுப்பும் நடந்தது. எங்கள் வட்டாரத்தில் நடந்தவற்றின் எதிர்ப்புக் குரல் பேரவைக் குறிப்புகளில் தேடினால் மட்டும் கிடைத்துவிடாது.

1992 ஜூன் 20-ஆம் தேதி, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்களின் ஊருக்குள், கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் நுழைந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் நீதிமன்றம் சென்ற பிறகு, உயர் நீதிமன்ற ஆணைப்படி 1995-இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போனது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது குற்றம் சாட்டப்பட்டிருந்த 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இதற்கும் பர்கூர்ப் பலகைக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்கலாம். 1992-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் அன்று. பர்கூரும் வாச்சாத்தியும் ஒரே தருமபுரி மாவட்டத்தில் இருந்தன. முதலமைச்சரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய அதே மாவட்டத்தில் இது நடந்தது. மேலிருந்து யார் ஆணையிட்டார் என்றெல்லாம் நாம் ஊகித்து எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. அரசு ஊழியர்கள் செய்த குற்றத்துக்குச் சட்டமன்றத்திடம் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அமைச்சரவைக்கு உண்டு என்பதுதான் நாடாளுமன்ற முறையின் அடிப்படை. அந்தப் பொறுப்பு நிறைவேறாதபோது நீதி கிடைக்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைப் பலகை சொன்னால் போதும். வழக்கு நடந்த காலத்தில் இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டன என்பதையும் மாணவர்கள் தாங்களாகவே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

மற்றொன்று, 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்ற செய்தி வந்த அன்று, கல்விச் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பேருந்துக்கு, தருமபுரி இலக்கியம்பட்டியில் அ.தி.மு.க.வினர் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்துபோனார்கள். மூவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2010-இல் உறுதி செய்து, 2016-இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவிக்கும் திட்டத்தின் கீழ் 2018 நவம்பரில் அவர்கள் விடுதலையானார்கள். ஒரு தலைவருக்கு எடுத்த நூற்றாண்டு விழா, எங்கள் ஊரில் நடந்த ஒரு குற்றத்தின் தண்டனைக் காலத்தைக் குறைத்தது. நினைவுகூரல் என்பது மாலை அணிவிப்பதோடு முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்கள் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தனியாக ஒரு ‘சர்ச்சைகள்’ பலகை வைக்கும் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வாச்சாத்தியைச் சர்ச்சை என்ற சொல்லுக்குக் கீழே வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நீதிமன்றம் தீர்த்து வைத்த குற்றம் அது. என் வகுப்பிலேயே மலையடிவார ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் கண்காட்சிக்கு வந்தால், தங்கள் பாட்டிமார்களின் போராட்டத்தை ஒரு மூலையில் அல்ல, நடுக்கூடத்தில் பார்க்க வேண்டும். பெயர்கள் எதையும் போடாதீர்கள்; பெண்களின் படங்களையும் போடாதீர்கள். தீர்ப்பின் தேதியும் எண்ணிக்கைகளும் போதும்.

பதில் 3: வழக்கறிஞர், தருமபுரி

அம்மையார் சொன்னதை ஒட்டி, சட்டத்தின் பக்கம் நின்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். இறந்துபோன ஒருவரைப் பற்றிப் பொது இடத்தில் எழுதி வைக்கும்போது, வழக்கின் ஒரு கட்டத்தை மட்டும் எழுதுவது மிகவும் எளிதாகச் செய்யப்படும் தவறு. ஆதரவாளர்கள் விடுதலையான தீர்ப்பை மட்டும் எழுதுவார்கள், எதிர்ப்பாளர்கள் தண்டனை பெற்ற தீர்ப்பை மட்டும் எழுதுவார்கள்.

பிளசன்ட் ஸ்டே வழக்கை எழுதினால், 2000-இல் விதிக்கப்பட்ட தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2001 டிசம்பரில் நீக்கி அவரை விடுவித்தது என்பதையும் எழுத வேண்டும். பேருந்து எரிப்புக்கும் அவருக்கும் தொடர்பு இருப்பதாக எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, தண்டிக்கப்பட்டவர்கள் கட்சிக்காரர்கள். வாசகத்தில் அது ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும். சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27-இல் பெங்களூரு தனி நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறையும் நூறு கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து தனி நீதிமன்றத்தின் தீர்ப்பை மீட்டது. அதற்குள் 2016 டிசம்பர் 5-இல் அவர் காலமாகிவிட்டதால், அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போனது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இந்த நான்கு கட்டங்களையும் தேதி வாரியாக நான்கு வரிகளில் எழுதிவிடலாம். அடைமொழி எதுவும் தேவையில்லை.

இதிலிருந்துதான் உருவப்படச் சிக்கல் எழுந்தது. 2018 பிப்ரவரி 12-இல் சட்டமன்றப் பேரவை மண்டபத்தில் அவருடைய படத்தைப் பேரவைத் தலைவர் தனபால் திறந்துவைத்தார். தி.மு.க. புறக்கணித்ததுடன் நீதிமன்றமும் சென்றது. படம் அங்கேயே இருக்கிறது. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் 2003 பிப்ரவரி 26-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் சாவர்க்கரின் படத்தைத் திறந்துவைத்தபோதும் எதிர்க்கட்சிகள் வரவில்லை. அந்தப் படமும் அங்கேயே இருக்கிறது. அவையில் படம் வைப்பது அவை தரும் மரியாதை. அன்றைய பெரும்பான்மை அதை முடிவு செய்கிறது. அடுத்த பெரும்பான்மை பொதுவாக அதைக் கழற்றுவதில்லை. 2021 ஆகஸ்ட் 2-இல் சட்டமன்ற நூற்றாண்டு விழாவில் கருணாநிதியின் படம் திறக்கப்பட்டபோது, அ.தி.மு.க. விழாவுக்கு வரவில்லை. ராஜாஜியின் படமும் அவரை அரசியலில் நெடுங்காலம் எதிர்த்த பெரியாரின் படமும் ஒரே மண்டபத்துச் சுவர்களில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சுவர் நம் அரசியலைப் பற்றி நிறையச் சொல்கிறது. உங்கள் இரண்டு பலகைகளுக்கும் நடுவே, பேரவையில் யார் யாருடைய படங்கள் எப்போது வைக்கப்பட்டன, யார் வரவில்லை என்று ஒரு சிறிய அட்டவணை வைத்தால் மாணவர்களுக்கு மிகவும் பயன்படும். மரியாதை எப்படி உருவாகிறது என்பதும் சட்டமன்ற வரலாற்றின் பகுதிதான்.

உங்கள் கண்காட்சி அவை தரும் மரியாதையும் அன்று, நீதிமன்றத் தீர்ப்பும் அன்று. ஆகவே ‘மாண்புமிகு’, ‘ஊழல்’ என்ற இரண்டு வகைச் சொற்களையும் விட்டுவிடுங்கள். சொத்துக் குவிப்பு வழக்கின் நான்கு வரிகளும், பர்கூர்த் தேர்தல் முடிவுகளின் இரண்டு வரிகளும் ஒரே எழுத்து அளவில் இருக்கட்டும். 1991-இல் பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வென்று பர்கூரைத் தக்கவைத்துக்கொண்டவரை, 1996-இல் அதே பர்கூர் மக்கள் தோற்கடித்தார்கள், வென்றவர் தி.மு.க.வின் இ. ஜி. சுகவனம். ஆட்சியில் இருந்த முதலமைச்சரையே தோற்கடித்த தொகுதி என்ற பெயர் பர்கூருக்கு உண்டு. அந்தத் தொகுதி வாக்காளர்களுக்கும் உங்கள் பலகையில் இடம் வேண்டும்.

பதில் 4: வாசகர், பர்கூர்

மேலே பதில் எழுதிய மூவரும் நியாயமாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. ராஜாஜி பலகையில் மதுவிலக்கும் கோயில் நுழைவும் எதிர்ப்புகளுக்கு இணையாக நிற்கின்றன. அம்மாவைப் பற்றி இதுவரை வந்தவற்றில் தீர்ப்புகளையும் குற்றங்களையும் தவிர வேறெதுவும் இல்லை.

பெண் சிசுக்கொலை நம் பகுதியில் எவ்வளவு பரவியிருந்தது என்பது முதியவர்களுக்குத் தெரியும். 1992-இல் சேலத்தில் அவர் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்தது. பிள்ளையைக் கொல்ல வேண்டாம், தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்று ஓர் அரசு சொன்னது சரியா என்று அறிஞர்கள் விவாதித்தார்கள், விவாதிக்கட்டும். அந்தத் தொட்டிலால் உயிர் பிழைத்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை யாராலும் மறுக்க முடியாது. அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் வந்ததும் 1992-இல்தான். 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்குத் தனிச் சட்டம் இயற்றி, 1994-இல் 76-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்க வைத்தது, அவர் பர்கூர் உறுப்பினராக இருந்த காலத்துச் சட்டமன்றத்தின் செயல். சட்டமன்ற வரலாறு என்று சொல்லிவிட்டு இதை விட்டால் எப்படி?

புளோரைடு கலந்த தண்ணீரால் பல் கறையும் எலும்பு நோவும் கண்ட நம் இரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த கதையையும் சேருங்கள். 2008-இல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013-இல் ஜெயலலிதா மக்களுக்கு அர்ப்பணித்தார். இருவர் பெயரையும் எழுதுங்கள். ஒருவர் பெயரை மற்றவரின் ஆட்கள் விட்டுவிடுவதை நாம் வாழ்நாள் முழுதும் பார்த்துச் சலித்துவிட்டோம்.

வாச்சாத்தி நடுக்கூடத்தில் இருக்கட்டும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. பேருந்து எரிப்பை மட்டும் அவருடைய பலகையில் வைக்காமல், நம் மாவட்டத்தில் அரசியல் வன்முறை என்ற தனித் தலைப்பில் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வழக்கறிஞர் ஐயா சொன்ன காரணமே எனக்கும் காரணம்: அவர் செய்யாத ஒன்றை அவர் படத்துக்குக் கீழே வைத்தால், எவ்வளவு கவனமாக எழுதினாலும் பார்ப்பவர் மனம் சேர்த்துத்தான் படிக்கும்.

கேள்வி கேட்டவர்: வாசகர் வட்டப் பொறுப்பாளர், கிருஷ்ணகிரி

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. வட்டக் கூட்டத்தில் இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். தனியான ‘சர்ச்சைகள்’ பலகை கைவிடப்பட்டது. ராஜாஜி பலகையில் 1937 முதல் 1939 வரையும், 1952 முதல் 1954 வரையும் இரண்டு பத்திகளாக விரிகின்றன. 1953 ஜூலை நடவடிக்கைக் குறிப்பின் இரண்டு பக்கங்களை ஃபிளெக்ஸில் பெரிதாக்குகிறோம். 1938-இல் இந்தியைக் கட்டாயமாக்கியவரே 1960-களில் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார், 1967-இல் தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்தார் என்ற வரியையும் சேர்த்தோம். பேரவைப் படங்களின் அட்டவணையை இளைய உறுப்பினர்கள் தயாரிக்க ஒப்புக்கொண்டார்கள்.

பேருந்து எரிப்பைப் பற்றி வட்டத்தில் நீண்ட நேரம் பேசினோம். பர்கூர் நண்பரின் கோரிக்கை பாதி ஏற்கப்பட்டது. தலைவர் ஒருவரின் பெயரால் தொண்டர்கள் செய்வதும் அந்தத் தலைவரின் காலத்து அரசியல்தான் என்று பலர் சொன்னார்கள். அதே நேரத்தில், அவர் படத்துக்குக் கீழே அது வரக்கூடாது என்பதும் சரியென்று பட்டது. ஆகவே அது அடுத்த பலகையின் தொடக்கத்தில், அவருடைய படம் இல்லாத இடத்தில் வருகிறது. வாச்சாத்திக்கு முழுப் பலகை ஒன்று ஒதுக்கி, அம்மையார் கேட்டபடி கூடத்தின் நடுவில் வைக்கிறோம்.

பர்கூர்ப் பலகையின் முதல் பத்தியை இப்படி எழுதியிருக்கிறோம்:

‘ஜெ. ஜெயலலிதா, 1991 சட்டமன்றத் தேர்தலில் பர்கூரிலும் காங்கேயத்திலும் வென்று, பர்கூர் உறுப்பினராக முதலமைச்சர் பொறுப்பேற்றார். தொட்டில் குழந்தைத் திட்டமும் அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் 1992-இல் தொடங்கின. அதே ஆண்டு ஜூன் 20-இல் அன்று பர்கூரும் அடங்கியிருந்த தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில் அரசு ஊழியர்கள் நிகழ்த்திய வன்கொடுமைக்கு 2011-இல் தீர்ப்பு கிடைத்தது. 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்தது. 1996 தேர்தலில் பர்கூர் வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்தார்கள்.’

இரண்டாவது பத்தியில் சொத்துக் குவிப்பு வழக்கின் நான்கு கட்டங்களும், பிந்தைய ஆட்சிக் காலங்களும், ஒகேனக்கல் திட்டமும் வருகின்றன. அச்சகத்துக்குக் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. தேதிகளிலோ வாசகத்திலோ திருத்தம் தேவைப்பட்டால் அதற்குள் இங்கேயே எழுதுங்கள். அரூர் அம்மையாருக்கு ஒரு வேண்டுகோள்: வாச்சாத்திப் பலகையின் வரைவை அச்சுக்குப் போகும் முன் அந்த ஊர்ப் பெரியவர்கள் யாராவது பார்த்து ஒப்புதல் தர வழி செய்ய முடியுமா?